ஒரே சென்சார், மூன்று வேகம்: தொழிற்சாலைக் கேமராவின் படம் கணினிக்கு வந்து சேரும் வழி

சோனியின் ஐஎம்எக்ஸ்250 தொழிற்சாலை ஆய்வுக் கேமராக்களில் பல வருடங்களாகப் புழங்கும் சென்சார். 2448 × 2048 பிக்சல், குளோபல் ஷட்டர் (எல்லாப் பிக்சலும் ஒரே கணத்தில் படமெடுக்கும்), பிக்சல் ஒன்று 3.45 மைக்ரோமீட்டர். இதே சென்சாரை வைத்துச் செய்த கேமராக்களின் விவரத்தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிகாபிட் ஈதர்நெட் கேமரா நொடிக்கு 23 அல்லது 24 ஃபிரேம் தருகிறது. யூஎஸ்பி 3 கேமரா 75 தருகிறது. 10 கிகாபிட் ஈதர்நெட் கேமரா 162. மூன்றிலும் கண் ஒன்றுதான், வெளியே போகும் குழாய்தான் வேறு.

கணக்கு எளிது. 8 பிட் கறுப்புவெள்ளைப் படத்தில் பிக்சலுக்கு ஒரு பைட். 2448ஐ 2048ஆல் பெருக்கினால் ஒரு ஃபிரேம் 50,13,504 பைட், அதாவது 5 மெகாபைட்டும் கொஞ்சமும். 23 ஃபிரேமுக்கு நொடிக்கு 115 மெகாபைட். 75க்கு 376. 162க்கு 812. கிகாபிட் கம்பியின் உச்சம் 125 மெகாபைட், யூஎஸ்பி 3-இல் நடைமுறையில் கிடைப்பது 400ஐ ஒட்டி, 10 கிகாபிட்டில் 1,250. முதல் இரண்டு கேமராக்களும் குழாயின் விளிம்பில் நிற்கின்றன. மூன்றாவதில் மட்டும் குழாயில் இடம் மிச்சம் இருக்கிறது. அங்கே தடை சென்சாரேதான்.

கேமரா வாங்கும் முன் இந்தப் பெருக்கலைச் செய்யாதவர்கள் நிறையப் பேர். செய்பவர்களும் பிக்சல் வடிவத்தில் வழுக்குகிறார்கள். 12 பிட் படம் வேண்டும் என்று மென்பொருளில் தேர்வு செய்தால், அது நெருக்கி அடுக்கிய வடிவமா, ஒவ்வொரு பிக்சலையும் 16 பிட்டில் போட்டு அனுப்பும் வடிவமா என்று பார்க்க வேண்டும். முதலாவதில் 23 ஃபிரேம் 15 ஆகும், இரண்டாவதில் 11. வண்ணக் கேமராவில் கேமராவே ஆர்ஜிபி ஆக்கி அனுப்பினால் பிக்சலுக்கு 3 பைட். 23 ஃபிரேம் 7 ஆகிவிடும். பேயர் வடிவில், அதாவது பிக்சலுக்கு ஒரே ஒரு நிறத்தின் அளவை மட்டும் கச்சாவாக அனுப்பச் சொல்லி, வண்ணத்தைக் கணினியில் பிரித்துக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு சுமைதான்.

இதுவரை சொன்னது எந்தக் கையேட்டிலும் இருக்கும் கணக்கு. இன்டர்ஃபேஸ்களின், அதாவது கேமராவைக் கணினியோடு இணைக்கும் முறைகளின், உண்மையான வேறுபாடு வேகத்தில் இல்லை. சென்சாரிலிருந்து வெளியேறிய ஃபிரேம், கணினி அதை வாங்கிக்கொள்ளத் தாமதமானால் எங்கே காத்திருக்கும், வழியில் ஒரு துண்டு தொலைந்தால் அதை யார் கவனிப்பார், யார் திரும்பக் கேட்பார் என்பதில்தான் ஒவ்வொன்றும் மாறுபடுகிறது. ஆறு மாதம் ஓடிய பிறகு உற்பத்தி லைனில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

காத்திருக்கவே தெரியாத கேமரா லிங்க்

கேமரா லிங்க் 2000-ஆம் ஆண்டில் வந்த தரநிலை. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு தடித்த கேபிளை வைத்திருந்தது. கேமரா லிங்க், நேஷனல் செமிகண்டக்டரின் சேனல் லிங்க் சிப்புகளை எடுத்துக்கொண்டு அந்தக் குழப்பத்தை முடித்துவைத்தது. 28 பிட்களை நான்கு ஜோடிக் கம்பிகளில், ஒவ்வொரு கிளாக் துடிப்புக்கும் ஜோடிக்கு 7 பிட் வீதம் ஓட்டுகிறது. ஐந்தாவது ஜோடி கிளாக். 28-இல் 24 பிட் படத்துக்கு, மீதி 4 வரி தொடக்கம், ஃபிரேம் தொடக்கம் போன்ற அடையாளங்களுக்கு. 85 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் பேஸ் வகை நொடிக்கு 255 மெகாபைட், ஃபுல் 680, 80 பிட் வகை 850. நம் சென்சாரை ஃபுல் வகையில் போட்டால் 135 ஃபிரேம், 80 பிட்டில் போட்டால் சென்சாரின் முழு வேகமும்.

இதில் பாக்கெட் (தரவைப் பிரித்து அனுப்பும் துண்டு) கிடையாது, பிழை சோதனை கிடையாது, மறு அனுப்புதல் கிடையாது. கிளாக் அடித்தால் பிக்சல் வெளியே வரும். மறுமுனையில் ஃபிரேம் கிராபர் கார்டு (படத்தை வாங்கிக்கொள்ளக் கணினியில் செருகும் கார்டு) கையை நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பலவீனம் மாதிரித் தெரிந்தாலும் இதுதான் இதன் பலம்: தாமதம் மிகக் குறைவு, எப்போதும் ஒரே அளவு. லைன் ஸ்கேன் கேமராக்களில் (ஒரு நேரத்தில் ஒரே ஒரு வரிப் பிக்சலை எடுப்பவை) கேமரா லிங்க் இவ்வளவு நாள் நிலைத்திருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

கெடும்போது அது கெடும் விதமும் தனி. கேபிளில் ஒரு ஜோடி நொந்தால், அந்த ஜோடி சுமக்கும் பிட்கள் மட்டும் தவறும். படம் முழுக்க உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள், அல்லது குறிப்பிட்ட சில சாம்பல் நிலைகள் மட்டும் தாவுவது. வரி அடையாளம் போகும் ஜோடி நொந்தால் படமே நகர்ந்து கிழியும், அல்லது ஃபிரேமே வராது. பிழைகளை எண்ணிக் காட்டும் எண்ணி (கவுன்டர்) இல்லாததால் இதைச் சென்சார் கோளாறு என்று நினைத்துக் கேமராவைக் கழற்றி அனுப்புவது சகஜம். முதலில் கனெக்டரின் இரண்டு திருகுகளையும் பாருங்கள். 26 முனை கொண்ட அந்தக் கனெக்டர் திருகு தளர்ந்தால் அதிர்விலேயே விலகும். அடுத்தது கேபிள் நீளம். தரநிலை 10 மீட்டர் என்கிறது, ஆனால் 85 மெகாஹெர்ட்ஸில் ஃபுல் வகை ஓடும்போது 5 முதல் 7 மீட்டருக்கு மேல் நம்ப முடியாது. ஜோடிகளின் நீளத்தில் வரும் சிறு வேறுபாடே கிளாக்கிலிருந்து பிட்டைத் தள்ளிவிடும். கிளாக்கைக் குறைத்ததும் புள்ளிகள் மறைந்தால் குற்றவாளி கேபிள்தான்.

படம் செங்குத்தாகக் கலைந்து, இரண்டு பாதிகளும் பின்னிக்கொண்டு வந்தால் அது கம்பிக் கோளாறு இல்லை. கேமரா எத்தனை டாப் (ஒரே நேரத்தில் பிக்சல் வெளியேறும் இணைப் பாதை) வழியாக, எந்த வரிசையில் பிக்சல் அனுப்புகிறது என்பதும் கிராபரின் கேமரா கோப்பில் எழுதியிருப்பதும் பொருந்தவில்லை என்று அர்த்தம்.

கோஆக்ஸ்பிரஸ்: பழைய கேபிள், புதிய வேலை

தொலைக்காட்சிக் கேமராக் காலத்துக் கோஆக்ஸியல் கேபிளிலேயே இந்த வேலையைச் செய்ய முடியும் என்று 2009-இல் ஸ்டுட்கார்ட்டின் விஷன் கண்காட்சியில் காட்டினார்கள். பெல்ஜியத்தின் ஈக்கோலாஜிக் செய்த சிப் அதற்கு உயிர். இன்று தரநிலையைப் பராமரிப்பது ஜப்பானின் ஜேஐஐஏ அமைப்பு. கேபிள் ஒன்றுக்கு 1.25 கிகாபிட்டில் தொடங்கி, சிஎக்ஸ்பி-6 (சிஎக்ஸ்பி என்பது கோஆக்ஸ்பிரஸின் சுருக்கம்) என்றால் 6.25, 2019-இல் வந்த இரண்டாம் பதிப்பில் சிஎக்ஸ்பி-12 என்றால் 12.5 கிகாபிட். 8 பிட்டுக்கு 10 பிட் அனுப்பும் குறியாக்கம் என்பதால் 12.5 கிகாபிட் என்பது 1,250 மெகாபைட். தலைப்புகளுக்குப் போக 1,200 சொச்சம் கைக்கு வரும். நான்கு கேபிள் சேர்த்தால் 5 கிகாபைட்டை நெருங்கலாம். அதே கேபிளில் 24 வோல்ட் மின்சாரமும் கேபிளுக்கு 13 வாட் வரை கேமராவுக்குப் போகிறது. எதிர்த்திசையில் கட்டுப்பாட்டுக் கட்டளைகளும், இப்போது படமெடு என்று சொல்லும் டிரிக்கரும் போகின்றன.

டிரிக்கரைத் தனியே சொல்ல வேண்டும். கீழே வரும் தரவு எவ்வளவு நெரிசலாக இருந்தாலும், மேலே போகும் டிரிக்கருக்குத் தனிப் பாதை உண்டு. தாமதம் சில மைக்ரோநொடி, அதில் வரும் ஆட்டம் சில நானோநொடி மட்டுமே. தனி டிரிக்கர் கம்பி இழுக்காமலே பத்துக் கேமராக்களை ஒன்றாகச் சுட வைக்கலாம்.

பாக்கெட்டுகளுக்குப் பிழை சோதனை எண் உண்டு. கேபிள் நோகிறது என்பதை எண்ணி காட்டிக்கொடுக்கும். ஆனால் கெட்டுப்போன படத் துண்டைக் கேமராவிடம் திரும்பக் கேட்டு வாங்குவதை நம்பி எதையும் வடிவமைக்க வேண்டாம். எண்ணி பூஜ்யத்தில் நிற்க வேண்டும். ஒரு ஷிப்டில் நான்கைந்து பிழை என்றாலும் கேபிளை மாற்றுங்கள், அது குறையப்போவதில்லை.

இங்கே செய்யும் பொதுவான தவறு கேபிள் வாங்குவதில்தான். தேவை 75 ஓம் கேபிள். ரேடியோக்காரரிடமிருந்து வந்த 50 ஓம் பிஎன்சி கனெக்டர் அதே மாதிரி பூட்டிக்கொள்ளும், குறைந்த வேகத்தில் ஓடவும் செய்யும், சிஎக்ஸ்பி-6-இல் தடுமாறும். தடித்த நல்ல கேபிளில் சிஎக்ஸ்பி-6 சுமார் 40 மீட்டரும் சிஎக்ஸ்பி-12 சுமார் 30 மீட்டரும் போகும். ஆனால் ரோபோவின் கையோடு வளைந்து போகும் மெல்லிய கேபிளுக்கு அந்த எண்கள் பொருந்தாது, அங்கே தூரம் பல மடங்கு குறைவு. நான்கு கேபிள் கேமராவில் கேபிள்களின் வரிசை மாறினால், குறிப்பாக முதல் கேபிள் இடம் மாறினால், பல கிராபர்களில் கேமரா கண்ணுக்கே தெரியாது. கேபிளின் இரு முனையிலும் எண் ஒட்டிவிடுவது ஐந்து நிமிட வேலை.

யூஎஸ்பி 3: மலிவு, கிட்டத்தில் மட்டும்

2013 ஜனவரியில் வந்த யூஎஸ்பி3 விஷன் தரநிலைக்குக் கிராபர் கார்டு வேண்டாம், 5 கிகாபிட், 4.5 வாட் மின்சாரம் அதே கேபிளில். ஆய்வகத்துக்கும் ஒன்றிரண்டு கேமரா கொண்ட சிறு இயந்திரத்துக்கும் இதைவிட எளிதானது இல்லை. தொலைந்த பாக்கெட்டை வன்பொருளே திரும்ப அனுப்பிவிடும். ஆனால் பல்க் முறையில் அனுப்புவதால், இத்தனை மெகாபைட் கட்டாயம் கிடைக்கும் என்ற உத்தரவாதம் எதுவும் இல்லை. கணினி அந்த நேரம் எவ்வளவு கொடுக்கிறதோ அவ்வளவு. கொடுக்காதபோது ஃபிரேம் கேமராவின் உள் நினைவகத்தில் காத்திருக்கும், அது நிறைந்தால் விழுந்துவிடும்.

மதர்போர்டின் பின்னால் இருக்கும் ஆறு யூஎஸ்பி துளைகளும் ஒரே கன்ட்ரோலருக்குப் போவது வழக்கம். இரண்டு கேமராவை இரண்டு துளையில் செருகிவிட்டு, தலா 376 மெகாபைட் கிடைக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இரண்டும் சேர்ந்து 400ஐப் பங்கிட்டுக்கொள்ளும். துளைக்கு ஒரு கன்ட்ரோலர் உள்ள நான்கு துளை விரிவாக்கக் கார்டு வாங்கினால் தீரும். லினக்ஸில் கெர்னல் யூஎஸ்பிக்கு ஒதுக்கும் நினைவகம் வழக்கமாக 16 மெகாபைட். நம் ஃபிரேமில் அது மூன்றுக்குத்தான் காணும். அதை 1,000 என்று உயர்த்தாமல் கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை. விண்டோஸில் யூஎஸ்பியைத் தூங்க வைக்கும் மின்சேமிப்பையும், பயாஸில் செயலியின் ஆழ்ந்த உறக்க நிலைகளையும் அணைத்துவிடுங்கள். செயலி விழித்துக்கொள்ள எடுக்கும் நேரத்தில் ஃபிரேம் விழும்.

சாதாரணக் கேபிள் 3 மீட்டர், நல்லது என்றால் 5. அதற்கு மேல் ஒளியிழைக் கேபிள்தான். சர்வோ மோட்டார் டிரைவின் கம்பியோடு ஒரே தட்டில் யூஎஸ்பி கேபிளை ஓட்டினால், மோட்டார் கிளம்பும் ஒவ்வொரு முறையும் கேமரா துண்டிக்கப்பட்டு மறுபடி இணையும். எதிர்ப்பக்கமும் ஒரு தொல்லை உண்டு: யூஎஸ்பி 3-இன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வட்டாரத்தில் கசியும். கேமரா ஓடத் தொடங்கியதும் பக்கத்து வயர்லெஸ் மவுஸ் தடுமாறுவது பேய் வேலை இல்லை.

ஈதர்நெட்: எல்லாம் கூடும், எல்லாவற்றையும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்

ஈதர்நெட் கேமராக்களுக்கான தரநிலையான ஜிகே விஷன் (GigE Vision) 2006-இல் வந்தது. 100 மீட்டர் கேபிள், கடையில் கிடைக்கும் ஸ்விட்ச், நெட்வொர்க் கேபிளிலேயே 12.95 வாட் வரை மின்சாரம். இதனால்தான் தொழிற்சாலைகளில் இது இவ்வளவு பரவியது. படம் யூடிபி பாக்கெட்டுகளாக வருகிறது. யூடிபிக்குத் தொலைந்தது தெரியாது. அதனால் ஜிகே விஷன் தன் தலைப்பில் பாக்கெட் எண் போட்டு, விட்டுப்போனதைக் கணினி திரும்பக் கேட்கும்படி செய்தது. கேமரா தன் நினைவகத்தில் பழைய பாக்கெட்டை வைத்திருக்கும்வரை அதைத் தரும். கேமரா லிங்க்கில் இல்லாத காத்திருப்பு அறை இங்கே இரு பக்கமும் இருக்கிறது. பிரச்சினை என்னவென்றால், திரும்ப அனுப்பவும் அதே கம்பிதான். கொள்ளளவில் 100 சதவீதத்தையும் படத்துக்கே கொடுத்துவிட்டால், மறு அனுப்புதல் அடுத்த ஃபிரேமின் நேரத்தைத் தின்னும், அதன் பாக்கெட் தாமதமாகும், அதையும் திரும்பக் கேட்பார்கள். ஒரு சின்ன இடறல் சில நொடிகளில் சரிவாகிவிடும். 10 சதவீதம் காலியாக விட்டுவைப்பது இதற்காகத்தான்.

வழக்கத்தைவிடப் பெரிய ஜம்போ பாக்கெட்டைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், காரணத்தைச் சரியாகச் சொல்பவர்கள் குறைவு. சாதாரண 1,500 பைட் பாக்கெட்டில், ஐபி 20, யூடிபி 8, படத் தலைப்பு 8 போக 1,464 பைட் படம். கம்பியில் அது எடுத்துக்கொள்வது 1,538 பைட். 9,000 பைட் பாக்கெட்டில் 8,964 பைட் படம், கம்பியில் 9,038. ஆக கிகாபிட் கம்பியில் கிடைக்கும் கொள்ளளவு 119இலிருந்து 124 மெகாபைட் ஆகிறது. வெறும் 5 மெகாபைட் லாபம். ஆனால் பாக்கெட் எண்ணிக்கையைப் பாருங்கள். நம் ஒரு ஃபிரேமுக்கு 3,425 பாக்கெட் வேண்டியிருந்தது 560 ஆகிறது. 23 ஃபிரேமில் நொடிக்கு 78,775 பாக்கெட் என்பது 12,880 ஆகக் குறைகிறது. 10 கிகாபிட்டில் 162 ஃபிரேம் என்றால் 5,54,850 என்பது 90,720 ஆகும். செயலிக்கு விழும் குறுக்கீடுகள் ஆறில் ஒரு பங்காகின்றன. ஜம்போவின் பயன் கம்பியில் இல்லை, செயலியில்தான்.

நெட்வொர்க் கார்டின் வாங்கும் பஃபர் எண்ணிக்கை தொடக்கத்தில் பெரும்பாலும் 256, 512 என்று சின்னதாக இருக்கும். டிரைவர் அனுமதிக்கும் உச்சத்துக்கு, பெரும்பாலும் 2,048 அல்லது 4,096க்கு, உயர்த்துங்கள். மற்றொரு வேலை செயலியைப் பிடித்துக்கொண்டிருக்கும் சில மில்லிநொடிகளில் பாக்கெட் காத்திருக்கும் இடம் அதுதான்.

அடிக்கடி வரும் ஒரு குறை: 'கேமரா பட்டியலில் தெரிகிறது, அமைப்புகளை மாற்ற முடிகிறது, படம் மட்டும் வரவில்லை.' கட்டுப்பாட்டுச் செய்திகள் சின்னப் பாக்கெட்டுகள், எதன் வழியாகவும் நுழைந்துவிடும். படம் பெரிய பாக்கெட். நடுவில் இருக்கும் ஸ்விட்ச் ஜம்போவை ஏற்காதது என்றால் அதைச் சத்தமில்லாமல் எறிந்துவிடும். கேமராவின் பாக்கெட் அளவை 1,500க்கு இறக்கிப் பாருங்கள். படம் வந்தால் ஸ்விட்ச். வரவில்லையென்றால் பெரும்பாலும் கணினியின் ஃபயர்வால். ஒரே சப்நெட்டில் (ஒரே முகவரித் தொகுதியில்) இரண்டு நெட்வொர்க் கார்டுகளை வைத்திருந்தாலும் இதே அறிகுறி வரும்; கேமரா ஒரு கார்டில் இருக்க, பதில் இன்னொன்றின் வழியாகப் போகும். ஒவ்வொரு கார்டுக்கும் தனி சப்நெட் கொடுங்கள்.

நிரல் எழுதுபவர்களுக்கு ஒன்று. டீபகரில் நிரலை நிறுத்தி வைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தால் கேமரா கைவிட்டுப் போகும். கணினி உயிரோடு இருக்கிறதா என்று கேமரா இதயத்துடிப்பை எதிர்பார்க்கிறது. வழக்கமான காலக்கெடு 3 நொடி. வளர்ச்சிக் காலத்தில் அதை ஒரு நிமிடமாக்கலாம். உற்பத்தியில் அப்படியே விட்டுவிட்டால், நிரல் விழுந்து எழும்போது ஒரு நிமிடம் கேமரா யாருக்கும் திறக்காது.

இனி பல கேமராக்கள். நான்கு கிகாபிட் கேமராக்களை ஒரு ஸ்விட்ச்சில் மாட்டி, கணினிக்கு ஒரே ஒரு கிகாபிட் கம்பி இழுத்து, நான்குக்கும் ஒரே டிரிக்கர் கொடுக்கிறார்கள். சராசரி கணக்கு சரியாகத்தான் இருக்கும்: நொடிக்கு 2 படம், 4 கேமரா, 40 மெகாபைட். ஆனால் டிரிக்கர் விழுந்த கணத்தில் நான்கும் தலா 1 கிகாபிட் வேகத்தில் கொட்டும். வெளியே போகும் வழி ஒன்று. உள்ளே வந்ததில் முக்கால்வாசி ஸ்விட்ச்சின் நினைவகத்தில் தங்க வேண்டும், ஏறத்தாழ 15 மெகாபைட். சாதாரண ஸ்விட்ச்சில் அவ்வளவு இடம் இல்லை. சராசரி இருக்கும் இடத்தில் சுமை இருக்காது, உச்சத்தில்தான் உடையும்.

மருந்து பாக்கெட் இடைவெளி. 9,038 பைட் கிகாபிட்டில் 72.3 மைக்ரோநொடி எடுக்கும். நான்கு கேமராவும் ஒழுங்காகப் பங்கிட, ஒவ்வொன்றும் ஒரு பாக்கெட் அனுப்பிவிட்டு மூன்று பாக்கெட் நேரம், அதாவது 217 மைக்ரோநொடி காத்திருக்க வேண்டும். கேமராவில் இந்த எண்ணை மைக்ரோநொடியில் கேட்க மாட்டார்கள், கிளாக் துடிப்பில் கேட்பார்கள். ஒரு துடிப்பு சிலவற்றில் 8 நானோநொடி, சிலவற்றில் 1. கையேட்டைப் பார்க்காமல் எண்ணைப் போட்டால் எட்டு மடங்கு தவறும். இப்படிச் செய்தால் கேமராவுக்கு 31 மெகாபைட், நொடிக்கு 6 ஃபிரேம். போதாதென்றால் ஸ்விட்ச்சிலிருந்து கணினிக்கு 10 கிகாபிட் கம்பி, அல்லது கேமராவுக்கு ஒரு போர்ட் உள்ள நான்கு போர்ட் கார்டு. கார்டின் விலையை ஸ்விட்ச்சோடு ஒப்பிட்டுத் தயங்குபவர்கள், ஒரு நாள் லைன் நின்றால் என்ன ஆகும் என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளலாம்.

10 கிகாபிட் கேமராவில் புதிதாகச் சேரும் தொல்லை சூடு. முறுக்குக் கம்பிக் கேபிளில் 10 கிகாபிட் ஓட்டும் சிப்பே சில வாட்களை உண்ணும். கேமராவைப் பிளாஸ்டிக் தாங்கியில் மாட்டினால் சென்சாரும் சேர்ந்து வேகும், இருட்டுப் பகுதிகளில் இரைச்சல் ஏறும். அலுமினியத் தகட்டில் நேராகத் திருகி இறுக்குங்கள். கேபிள் கேட் 6ஏ. அதில்தான் 100 மீட்டர்.

டிரிக்கர்

கன்வேயர் நொடிக்கு 2 மீட்டர் ஓடுகிறது, ஒரு பிக்சல் பொருளில் 0.1 மில்லிமீட்டரைப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். மங்கல் ஒரு பிக்சலுக்குள் இருக்க எக்ஸ்போஷர் 50 மைக்ரோநொடியைத் தாண்டக் கூடாது. டிரிக்கரில் 1 மில்லிநொடி ஆட்டம் வந்தால் பொருள் 2 மில்லிமீட்டர், அதாவது 20 பிக்சல் தள்ளி நிற்கும். கணினியிலிருந்து மென்பொருள் டிரிக்கர் அனுப்பினால் மில்லிநொடி ஆட்டம் சாதாரணம். பொருள் வந்ததை உணரும் சென்சாரின் கம்பியை நேராகக் கேமராவுக்கோ கிராபருக்கோ கொடுக்க வேண்டும். கேமராவின் ஆப்டோ உள்ளீட்டில் (சிக்னலை ஒளி வழியாகக் கடத்தும் உள்ளீடு) சில மைக்ரோநொடி முதல் சில பத்து மைக்ரோநொடி வரை தாமதம் இருக்கும். ஏறும்போது ஒன்று, இறங்கும்போது வேறு. அது ஏறத்தாழ நிலையானது, ஈடுகட்டிவிடலாம். கம்பி இழுக்க முடியாத தூரத்தில் கேமராக்கள் இருந்தால், பிடிபி என்ற நெட்வொர்க் நெறிமுறை மூலம் எல்லாக் கடிகாரங்களையும் ஒத்திசைத்து, இன்ன நேரத்தில் சுடு என்று முன்கூட்டியே கட்டளை அனுப்பும் வசதி ஈதர்நெட்டில் உண்டு.

எதற்கு எது

துணி ஆய்வு. அகலம் 1.6 மீட்டர், 0.2 மில்லிமீட்டர் நுணுக்கம், நிமிடத்துக்கு 60 மீட்டர் ஓட்டம். 8,192 பிக்சல் லைன் ஸ்கேன், நொடிக்கு 5,000 வரி, 41 மெகாபைட். சாதாரண கிகாபிட் ஈதர்நெட்டே தாராளம். இதற்குக் கோஆக்ஸ்பிரஸ் கிராபர் விற்றவர் நன்றாக விற்றிருக்கிறார். அதே 8,192 பிக்சலை அச்சு இயந்திரத்தில் 0.1 மில்லிமீட்டரில், நிமிடத்துக்கு 600 மீட்டரில் ஓட்டினால் நொடிக்கு 1,00,000 வரி, 819 மெகாபைட். இது கேமரா லிங்க் 80 பிட்டுக்கும், ஒரு சிஎக்ஸ்பி-12 கேபிளுக்கும், 10 கிகாபிட்டுக்கும் உரிய வேலை. கேபிள் 5 மீட்டருக்குள் என்றால் முதலாவது, 20 மீட்டர் என்றால் இரண்டாவது, 50 மீட்டர் என்றால் மூன்றாவது.

இந்தக் குழாய்கள் எதற்கும் அடங்காத கேமராக்களும் உண்டு. விஷன் ரிசர்ச்சின் ஃபேன்டம் வி2512, 1280 × 800 அளவில் நொடிக்கு 25,700 ஃபிரேம் எடுக்கும். 12 பிட்டில் அது நொடிக்கு 39 கிகாபைட்டைத் தாண்டும். அதனால் அது அனுப்ப முயல்வதே இல்லை. தன் உள்ளே இருக்கும் நினைவகத்தில் சுழற்சியாக எழுதிக்கொண்டே இருக்கிறது. 288 கிகாபைட் நினைவகத்துக்கு 7 நொடி சொச்சம். சம்பவம் நடந்ததும் டிரிக்கர், பிறகு ஆற அமர இறக்கிக்கொள்ளலாம். எப்போதாவது நடக்கும் கோளாறைப் பிடிக்க இதுதான் வழி. நாள் முழுக்க ஒவ்வொரு பாட்டிலையும் பார்க்க இது உதவாது.

கணினிக்குள்ளே

குழாய் கணினியின் முதுகில் முடிந்துவிடுவதில்லை. நான்கு சிஎக்ஸ்பி-12 வரும் கிராபருக்கு மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸில் 8 லேன் (தரவுப் பாதை) வேண்டும். லேனுக்கு 985 மெகாபைட். மதர்போர்டில் 16 லேன் நீளத்துக்குத் துளை இருக்கும், ஆனால் உள்ளே 4 லேன்தான் கம்பி போட்டிருப்பார்கள். அப்போது 3.9 கிகாபைட்டுக்கு மேல் நுழையாது. படம் ஓடும், முழு வேகம் தொடும்போது மட்டும் விழும். கார்டு எத்தனை லேனில் இணைந்திருக்கிறது என்பதைக் கிராபரின் மென்பொருளிலேயே பார்க்கலாம்.

படங்களைச் சேமிக்க வேண்டுமென்றால், 812 மெகாபைட் ஓட்டம் ஒரு நிமிடத்தில் 48.7 கிகாபைட். சாட்டா எஸ்எஸ்டி 550 மெகாபைட்டிலேயே நின்றுவிடும். என்விஎம்இ போதும் என்று வாங்கி, பத்து நொடி சோதித்து, ஓடுகிறது என்று முடிவு செய்வது இன்னொரு வகைத் தவறு. வீட்டு உபயோக டிரைவ்களில் முதல் சில பத்து கிகாபைட் வேகமான தற்காலிகப் பகுதிக்குப் போகும், அது நிறைந்ததும் எழுதும் வேகம் சரியும். சோதனையைக் குறைந்தது டிரைவின் பாதி நிறையும்வரை ஓட்டுங்கள்.

ஃபிரேம் விழுந்தால் எங்கே தேடுவது

முதலில் கேமராவின் சோதனைப் படத்தைப் போடுங்கள். கறுப்பிலிருந்து வெள்ளைக்குச் சரியும் சாம்பல் படிக்கட்டைப் பெரும்பாலான கேமராக்கள் தாமே உருவாக்கும். அதில் புள்ளி தெரிந்தால் இணைப்பு; சோதனைப் படம் சுத்தமாக இருந்து உண்மைப் படத்தில் மட்டும் புள்ளி என்றால் சென்சாரோ லென்ஸோ விளக்கோ.

ஃபிரேம் காணாமல் போனால், ஒவ்வொரு படத்தோடும் வரும் வரிசை எண்ணையும் நேர முத்திரையையும் கோப்பில் எழுதுங்கள். எண் தொடர்ச்சியாக இருக்கிறது, ஆனால் இரண்டு முத்திரைகளுக்கு நடுவே வழக்கத்தைவிட இரு மடங்கு இடைவெளி என்றால், கேமரா அந்த டிரிக்கரை ஏற்கவே இல்லை. முந்தைய எக்ஸ்போஷர் முடியும் முன் அடுத்தது வந்திருக்கும். எண்ணிலேயே ஓட்டை என்றால் ஃபிரேம் பிறந்து, வழியில் இறந்தது: ஈதர்நெட்டில் மறு அனுப்புதல் எண்ணியையும், கோஆக்ஸ்பிரஸில் பிழை எண்ணியையும் பாருங்கள். அவை பூஜ்யம் என்றால் உங்கள் நிரல் பஃபரைத் திரும்பக் கொடுக்கத் தாமதிக்கிறது. பஃபர் 10 இருப்பதை 50 ஆக்கினால் விழுவது தள்ளிப்போகுமே தவிர நிற்காது. ஒரு படத்தைப் பார்க்க 50 மில்லிநொடி எடுக்கும் நிரல், 43 மில்லிநொடிக்கு ஒன்று வரும் படத்தை எத்தனை பஃபர் இருந்தாலும் பிடிக்க முடியாது.

வரிசை எண்ணை நம்பும்போது ஒரு பொறி உண்டு. ஜிகே விஷனின் பழைய வடிவத்தில் அது 16 பிட் எண். 65,535க்குப் பிறகு 1க்குத் திரும்பும், பூஜ்யம் வராது. நொடிக்கு 23 ஃபிரேம் என்றால் 47 நிமிடத்துக்கு ஒரு முறை. சரியாக 47 நிமிடத்துக்கு ஒரு முறை லைன் 'ஃபிரேம் தொலைந்தது' என்று அலறினால், கேபிளை விட்டுவிட்டு, நிரலில் இந்த எண்ணிலிருந்து முந்தைய எண்ணைக் கழிக்கும் வரியைத் தேடுங்கள்.